புரதத்தின் முகவரியும் உருவமும்

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்குத் தகர வில்லையொன்று வழங்கப்பட்டது. செல்லவேண்டிய மாவட்டத்தையும் தோட்டத்தையும் உணர்த்தும் எழுத்தும் எண்களும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நாடி வந்தோரும் இவ்வாறே வழிப்படுத்தப்பட்டனர். மனிதரை எண்ணாற் குறித்த அம்முறை மறைந்தமை நன்றே. ஆயினும், மனித உடலின் கலங்களுள் புரதங்கள் தத்தம் இடத்தை அடையும் வகையை விளக்க அது ஓரளவு பொருத்தமான உவமையாகும்.

அமினோ அமிலங்கள் சங்கிலிபோற் கோக்கப்படுவதாற் புரதங்கள் உண்டாகின்றன. அவற்றுட் சில கலத்தின் கருவுக்குச் செல்வன. சில இழைமணிக்குச் செல்வன. வேறு சில கலத்தைவிட்டு வெளியேறுவன. இவை வழியறிவது எங்ஙனம்? நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குந்தர் புளோபெல், டேவிட் சபத்தினி என்போர் 1971 இல் இதற்கொரு கருதுகோளை வெளியிட்டனர். வெளியேறும் புரதத்தின் தொடக்கத்திலேயே அதன் முகவரி அமைந்துள்ளது என்பதே அது. 1975 இல் புளோபெலும் டொபர்ஸ்டைனும் செய்த சோதனைகள் அதற்கு வலுவூட்டின. 1999 இல் புளோபெல் நோபெல் பரிசு பெற்றார்.

இம்முகவரி பெரும்பாலும் 15 முதல் 30 வரையான அமினோ அமிலங்களைக் கொண்டது. அவற்றின் வரிசை புரதத்துக்குப் புரதம் வேறுபடும். ஆயினும், நீரோடு ஒட்டாத நடுப்பகுதியும் சுருளாக அமையும் இயல்பும் அவற்றுக்குப் பொதுவானவை. எனவே, கலம் எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. இயல்பையும் உருவத்தையுமே இனங்காண்கின்றது. சங்கிலி அகமுதலுருச் சிறுவலையினுள் நுழைகையில் முகவரிப் பகுதி வெட்டி நீக்கப்படும்.

உவமை இவ்வளவில் நின்றுவிடுகின்றது. தகர வில்லை தன்னை அணிந்தவரின் நிலையை ஆராயவில்லை. கலமோ புரதத்தின் நிலையை ஆராய்ந்தே மேலே செல்ல விடுகின்றது. தோலுக்கும் என்புக்கும் ஆதாரமான கொலாசன் இதற்குச் சான்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் அதன் உருவத்தை ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்குண்ட அமைப்பு அது எனக் காட்டினர். அம்முப்புரி முறுக்கே வெளிச்செல்வதற்கான தகுதி என்பது பின்னர்ப் புலனாயிற்று. முறுக்கேறிய கொலாசனைத் துணைப்புரதமொன்று பற்றிக் காக்கின்றது; முறுக்கேறாத சங்கிலிகள் பெரும்பாலும் சிறுவலையுள்ளே தடுக்கப்படுகின்றன.

37 பாகை உடல்வெப்பத்தில் அம்முறுக்கு நிலைப்பதற்குச் சங்கிலியிலுள்ள புரோலீன் என்னும் அமினோ அமிலம் இரசாயன மாற்றம் அடையவேண்டும். அதற்கு உயிர்ச்சத்து சீ இன்றியமையாதது. அது பெரிதுங் குறையின், முகவரி பிழையற்றிருந்தும் போதிய கொலாசன் வெளிவராது. முரசிற் குருதி கசியும், புண் ஆறாது. இதுவே சுகர்வி நோய். தோடை, எலுமிச்சை ஆகியன இந்நோயைத் தீர்க்குமென்று ஜேம்ஸ் லிண்ட் 1747 இல் கடற்படையினரிடம் சோதித்துக் கண்டார். அதன் காரணம் விளங்க இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இறப்பர் மரத்திற் பால்வெட்டும் தொழிலாளியின் கையிற் கத்தி பட்டால், அக்காயம் ஆறுவதற்கு முகவரியும் உருவமும் ஒருங்கே பிழையின்றி அமையவேண்டும். தோட்டப் பாடசாலை மாணவருக்கு நெல்லிக்காயினதும் கொய்யாவினதும் பயனை உரைக்கும் ஆசிரியர், சென்னையிலும் நியூயோர்க்கிலும் கண்டறியப்பட்ட இவ்வுண்மைகளையும் சேர்த்து உரைப்பாராயின், உணவு பற்றிய அறிவுரை காரணத்தோடு கூடிய அறிவாகும்.