பியாவர் தர்ணா: பதிவேட்டைப் பார்ப்பதும் நகல் பெறுவதும்

பியாவர் தர்ணா என்பது இராஜஸ்தான் மாநிலத்தின் பியாவர் நகரில் 1996ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் 40 நாள்கள் நடைபெற்ற அறப்போராட்டம் ஆகும். உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் செலவுக் கணக்கை மக்கள் பார்க்கவும் அதன் நகலைப் பெறவும் உரிமை வேண்டும் என்பதே போராடியவர்களின் கோரிக்கை. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உருவாவதற்கு வழிவகுத்த நிகழ்வுகளில் இது முதன்மையானது.

அந்தச் சட்டத்தைப் பற்றி மாணவர்கள் பாடநூலில் படிக்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் என்பதும் பலருக்கு மனப்பாடம். ஆனால் "பார்வையிடல்", "சான்றிட்ட நகல்" என்ற இரண்டு உரிமைகளை அச்சட்டம் ஏன் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அதற்கான விடை பியாவரின் சாங் கேட் பகுதியில் இருக்கிறது.

நகரமும் சுற்றுப்புறமும்

பியாவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டிக்சன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் உருவான மதில் சூழ்ந்த வணிக நகரம். பருத்திக்கும் கம்பளிக்கும் பெயர் பெற்ற சந்தை இது. தர்ணா நடந்த காலத்தில் அஜ்மீர் மாவட்டத்தில் இருந்தது. 2023இல் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆயிற்று. சுற்றியுள்ள கிராமங்கள் மழை குறைந்தவை. பயிர் பொய்க்கும் ஆண்டுகளில் அரசு நடத்தும் பஞ்ச நிவாரணப் பணிகளே அங்கு வாழ்வாதாரம்: சாலைக்கு மண் போடுவது, குளம் வெட்டுவது, தடுப்பணை கட்டுவது.

இந்தப் பணியாளர்களுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வழங்க வேண்டும் என்று இராஜஸ்தானில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. ஆயினும் கூலி குறைவாகவே கைக்கு வந்தது. "நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்பது அதிகாரிகளின் பதில். அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது அரசு ஆவணம், வெளியாருக்குக் காட்ட முடியாது என்றார்கள். அதில் எழுதப்பட்டிருந்ததோ கேட்டவர்களின் பெயரும் அவர்களின் உழைப்பும்தான்.

பொது விசாரணைகள்

1987இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் குடியேறினர். சென்னையில் பிறந்த அருணா ராய், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிச் சமூகப் பணிக்கு வந்தவர். இவர்களும் அப்பகுதித் தொழிலாளர்களும் உழவர்களும் சேர்ந்து 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினர்.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த கணக்குத் தாள்களை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில், இறந்துபோனவர் வேலை செய்ததாகவும், வெளியூர் சென்றவர் கூலி வாங்கியதாகவும் எழுதியிருப்பது தெரியவந்தது. கட்டாத கட்டடத்துக்கும் பட்டியல் தொகை வழங்கப்பட்டிருந்தது.

எழுத்தறியாதவர்களாலும் இந்தத் தணிக்கையில் பங்குகொள்ள முடிந்தது. வாசிக்கப்பட்ட பெயருக்கு உரியவர் அங்கேயே இருந்தார். தாம் வேலை செய்தோமா, எவ்வளவு வாங்கினோம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தாள் அலுவலக அலமாரியை விட்டு ஊருக்குள் வர வேண்டும்.

40 நாள்கள்

உள்ளூர்ப் பணிகளின் ஆவண நகல்கள் மக்களுக்குக் கிடைக்கும் என்று அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் 1995 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு ஆகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் தொடக்கத்தில் பியாவரில் தர்ணா தொடங்கியது. மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த காலம் அது.

தர்ணா தொடங்கிய வேளையில் அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பார்வையிடலாம். ஒளிநகல் தர இயலாது. போராடியவர்கள் இதை ஏற்கவில்லை. அலுவலகத்தில் எழுத்தர் முன்னிலையில் சில நிமிடம் பார்த்ததை ஊரில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்? நாளை அந்தப் பக்கம் மாற்றப்பட்டால் எதை வைத்து நிரூபிப்பது? மேலும், பார்வையிடும் உரிமை மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே பயன்படும். நகல் கையில் இருந்தால் வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இந்தக் கோரிக்கை சட்டத்துக்குப் புதியதும் அல்ல. பார்வையிட உரிமையுள்ள பொது ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமே கூறியது. 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டத்தில் பழகிய நிர்வாகம் அதை மறந்திருந்தது.

பியாவர் நகர மக்கள் போராட்டத்துக்குத் துணை நின்றனர். காய்கறி விற்பவர்களும் கடைக்காரர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற பொருள் தரும் "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்ற முழக்கம் பரவியது. பின்னர் ஜெய்ப்பூரிலும் தர்ணா நடந்தது. நகல் வழங்கும் வழிமுறையை ஆராயக் குழு அமைக்கப்படும் என்ற உறுதியோடு போராட்டம் முடிந்தது.

ஒளித்து வைக்கப்பட்ட அறிவிக்கை

உறுதி நிறைவேறாததால் 1997இல் ஜெய்ப்பூரில் மீண்டும் தர்ணா தொடங்கி 53 நாள்கள் நீடித்தது. அதன் முடிவில் ஒரு வியப்பான செய்தி வெளிவந்தது. ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெற வழிசெய்யும் விதித்திருத்தம் 1996 டிசம்பரிலேயே அரசிதழில் வெளியாகிவிட்டது என்று அரசு தெரிவித்தது. தகவல் பெறும் உரிமையைத் தரும் அறிவிக்கையே ஆறு மாதத்துக்கும் மேலாக மக்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கேட்டவருக்கு மட்டும் கொடுத்தால் போதாது, அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்ற கொள்கை ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிற்காலச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இக்கொள்கையையே கூறுகிறது.

மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விலக்குகள் மிகுதி. இராஜஸ்தானின் சட்டம் 2000இல் நிறைவேறியது. நாடாளுமன்றம் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம், 2002 நடைமுறைக்கு வரவே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 2ஆம் பிரிவு, பார்வையிடல், குறிப்பெடுத்தல், சான்றிட்ட நகல் பெறுதல் ஆகியவற்றைத் தனித்தனியே சொல்கிறது. பொது விசாரணை முறையும், 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை என்ற பெயரில் இடம்பெற்றது.

வாக்காளர் பட்டியலும் ஒரு பதிவேடே

கூலிப் பதிவேட்டைப் போலவே வாக்காளர் பட்டியலும் மக்களின் பெயர்களால் ஆனது. பிழை உண்டா என்பதைப் பெயருக்கு உரியவர் பார்த்தால்தான் அறிய முடியும். முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியல் தயாரானபோது, பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தனர். அவ்வாறு பதிந்தவர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். இராஜஸ்தானும் இக்குறை மிகுந்திருந்த பகுதிகளில் ஒன்று.

1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளின்படி வரைவுப் பட்டியல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பெயர் சேர்க்கப் படிவம் 6, ஆட்சேபிக்கப் படிவம் 7, திருத்தப் படிவம் 8 ஆகியவை உள்ளன. வேட்பாளரைப் பற்றி அறியும் உரிமை பிற்காலத்தது. குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகிய விவரங்களை வேட்பாளர் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அதைக் குறைத்த சட்டத்திருத்தத்தை 2003 மார்ச் 13 அன்று செல்லாது என்றது. இன்று படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தை எவரும் படிக்கலாம்.

பியாவரின் பழைய கேள்வி இங்கும் திரும்பி வந்தது. கணினியில் சொல் தேடக்கூடிய வடிவில் வாக்காளர் பட்டியலைத் தர வேண்டும் என்று மத்தியப் பிரதேசத்துக்கும் இராஜஸ்தானுக்குமாகத் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. பட உருவில் தந்தால் போதும், வாக்காளரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதி திருத்தப்பட்டு, பொதுமக்கள் பார்வையிடக்கூடிய தேர்தல் ஆவணங்களின் எல்லை குறுக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஞ) பிரிவையும் மாற்றியது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. ஆயினும் மஸ்டர் ரோலில் உள்ள பெயர்களை மறைத்திருந்தால் கோட் கிரானாவில் எந்த மோசடியும் வெளிப்பட்டிருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்று ஒரு சிறு நகரத்தில்

உங்கள் தெருவில் போட்ட சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டியல் தொகை ஆகியவற்றை நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் வடிக்க அலுவலர் உதவ வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

விண்ணப்பத்தில் ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, "பார்வையிட விரும்புகிறேன், சான்றிட்ட நகலும் வேண்டும்" என்று இரண்டையும் எழுதுவது நல்லது. இரண்டாவது வாக்கியத்தை நாம் எழுத முடிவதற்காகவே பியாவரில் கூலித் தொழிலாளர்கள் 40 நாள் கூலியை விட்டுச் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள்.