சங்கனக்கல்லு கற்கோடரிகள்

கர்நாடக மாநிலம் பல்லாரி நகருக்கு அருகே, சங்கனக்கல்லு, குப்கல் ஊர்களை ஒட்டிய கிரானைட் குன்றுகளில் கிடைக்கும் புதிய கற்கால மெருகேற்றிய கருவிகள். கி.மு. மூன்றாம், இரண்டாம் ஆயிரத்தாண்டுகளில் ஆடுமாடு மேய்த்து, சிறுதானியமும் பயறும் விளைத்த மக்கள் செய்தவை. தென்னிந்தியக் கற்கருவிகளை இனம்பிரிக்கும் முறை வளர்ந்த வரலாற்றில் இவ்விடத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பின்னர் பல்லாரி வட்டாரத்தில் ஏராளமான கோடரிகளைத் திரட்டினார். அவர் திரட்டு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. பட்டியலும் விளக்கக் குறிப்பும் அவர் மறைவுக்குப் பின் 1914, 1916 ஆண்டுகளில் அச்சேறின. பொருள்களை ஊர்வாரியாக, கிடைத்த இடத்தோடு பதிந்ததே அவரது பெருந்தொண்டு. அதனால்தான் இன்றும் அத்திரட்டை ஆய்வுக்கு எடுக்க முடிகிறது.

தொடக்கத்தில் கருவிகள் பயன்பாட்டை ஊகித்தே பெயர் பெற்றன. இரு முகமும் ஒரேபோல் சரிந்து கூரில் கூடினால் கோடரி. ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் வாச்சி. ஒடுங்கி நீண்டால் உளி. பின்னர் அடிப்பகுதி கூம்பியதா, தட்டையா, குறுக்குவெட்டு நீள்வட்டமா, நாற்கோணமா என்ற கணக்கும் சேர்ந்தது. 1947இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் நடத்திய அகழாய்வு, கோடரிகளை மண்ணடுக்கோடு பொருத்திக் காட்டியது. சங்கனக்கல்லில் அகழ்ந்த பி. சுப்பாராவின் பல்லாரிக் கற்காலப் பண்பாடுகள் பற்றிய நூல் 1948இல் வெளிவந்தது.

வடிவத்தை மட்டும் நம்பும் பகுப்பு ஓரிடத்தில் தடுமாறும். கூர் மழுங்கிய கோடரியைத் தீட்டத் தீட்ட அது குட்டையாகும், உடைந்தால் சுத்தியலாகும். ஒரே கருவி தன் ஆயுளில் இரண்டு, மூன்று ‘வகை’களில் போய் விழும்.

இதற்கு விடை செய்முறையில் இருந்தது. டோலரைட் கல்லைச் செதுக்கி உருக்கொடுப்பது முதல் படி. அம்மி கொத்துவதுபோல் மேடுகளைப் பொளிந்து தணிப்பது அடுத்தது. பிறகு பாறையில் தேய்ப்பது, கடைசியாக மெருகேற்றுவது. பல கோடரிகளில் கூர்முனை மட்டுமே மெருகு கண்டிருக்கும். வடகர்நாடகக் கற்கருவித் தொழில் பற்றி எஃப்.ஆர். ஆல்ச்சின் 1957இல் வெளியிட்ட கட்டுரை இத்தொழில்நுட்பத்துக்கு உரிய இடம் தந்தது. அதன்பின் அரைகுறைக் கருவிகளும் சில்லுகளும் கழிவு என்ற நிலை மாறிச் சான்றுகளாயின.

ரவி கோரிசெட்டர், நிகோல் பாய்வின், டோரியன் ஃபுல்லர் உள்ளிட்டோர் நடத்திய பிற்கால ஆய்வில், சங்கனக்கல்லுக் குன்றுகளுள் ஒன்றான ஹிரேகுட்டாவின் டோலரைட் சுரங்கமும் பட்டறையும் விரிவாக ஆராயப்பட்டன. அங்கே குவிந்த சில்லுகள், கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் கோடரி செய்வது வீட்டுத் தேவையை மிஞ்சிய பெருந்தொழிலாக வளர்ந்திருந்ததைக் காட்டுகின்றன. முழுமையடைந்த கோடரிகளை மட்டும் அடுக்கிவைத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் பையம்பள்ளியிலும் இத்தகைய கோடரிகள் கிடைத்துள்ளன. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு செய்தது.

சங்கனக்கல்லு, குப்கல் குன்றுகளைக் கல்லுடைப்பு அரித்துவருகிறது. கோடரிகள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன. சில்லுக் குவியல்களுக்கோ அந்தக் குன்றை விட்டால் வேறு இடமில்லை. அங்கு கல்லுடைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.