மரத்தடி மண்ணின் கதை



மரத்தடி வரை டைல்ஸ் பதித்துவிட்டால் பெருக்குவது சுலபம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முடிவெடுக்கும் முன் இந்தக் கதையைப் படித்துவிடுங்கள்.

ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான். அதை வளர்க்க வழி காணும்படி ஜெர்மனியின் பிரஷ்ய அரசு, ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க் என்ற தாவரவியலாளரைக் கேட்டுக்கொண்டது. அவர் மர வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, வேர்நுனிகளைப் பூஞ்சை இழைகள் உறைபோலச் சுற்றியிருந்தன. இது நோயல்ல, கூட்டு வாழ்க்கை என்றார் அவர். பூஞ்சை மரத்துக்கு நீரும் சத்தும் தருகிறது. மரம் பூஞ்சைக்குச் சர்க்கரை தருகிறது. 1885-இல் இதற்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். 'பூஞ்சை வேர்' என்று பொருள்.

நூறாண்டுக்குப் பிறகு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே காட்டை மொத்தமாக வெட்டி, விலைபோகும் டக்ளஸ் ஃபிர் மரத்தை நடுவார்கள். இடையே முளைக்கும் பிர்ச் மரங்களைக் களையென்று மருந்தடித்து அழிப்பார்கள். அங்கு வேலை பார்த்த சூசன் சிமார்டுக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு வகைக் கன்றுகளையும் அருகருகே நட்டு, பிளாஸ்டிக் பையால் மூடி, அடையாளமிட்ட கார்பன் வாயுவைச் செலுத்தினார். பிர்ச்சுக்குக் கொடுத்த கார்பன் ஃபிரிலும் இருந்தது! நிழலில் வாடிய ஃபிருக்குக் கூடுதலாகவே போயிருந்தது. 1997-இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. களை என்று ஒதுக்கப்பட்ட மரம் பக்கத்து மரத்துக்கு உதவியிருக்கிறது.

'மரங்கள் பேசிக்கொள்கின்றன' என்ற பேச்சு உலகெங்கும் பரவியது இதற்குப் பிறகுதான். ஆனால் 2023-இல் வேறு சில ஆய்வாளர்கள் இதை மறுபரிசீலனை செய்தார்கள். உண்மையான காட்டில் இதற்கான சான்று குறைவு, கார்பன் மண் வழியாகவும் போயிருக்கலாம் என்றார்கள். அந்த விவாதம் தொடர்கிறது. ஆனால் ஃப்ராங்க் கண்ட கூட்டு வாழ்க்கையில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

நம் வேம்புக்கும் மாமரத்துக்கும்கூட வேரில் பூஞ்சைக் கூட்டாளிகள் உண்டு. வேருக்கும் பூஞ்சைக்கும் காற்றும் நீரும் வேண்டும். சிமென்ட் போட்டு மூடினால் இரண்டும் தவிக்கும்.

ஆகவே டைல்ஸ் பற்றிப் பேச்சு வரும்போது, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நல்ல அகலத்துக்கு மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள். உதிர்ந்த இலைகளும் அங்கேயே கிடக்கட்டும்.