துரைமார் கற்ற தமிழும் உரைநடைக் கதைகளும்

சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன்னர், கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சென்று ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. படகோட்டிகள் பலர் வாழ்ந்த ஊர் இராயபுரம். பேதுருவைக் கத்தோலிக்கத் தமிழர் இராயப்பர் என்பர். ஊரின் பெயர் அதனடியாக வந்தது. கும்பினி உத்தியோகத்துக்கு வந்த ஆங்கிலேய இளைஞன் தமிழை முதன்முதலில் கேட்டது பெரும்பாலும் அப்படகில்தான் இருக்க வேண்டும். பொருள் விளங்கியிராது. ஆயினும் வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் அம்மொழி அவனுக்கு வேண்டியிருந்தது. இருபது வயதும் நிரம்பாத அவனை ஏட்டின்முன் அமர்த்துவது எவ்வாறு?

1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் தோன்றிய சென்னைக் கல்விச் சங்கம் இவ்வினாவுக்குக் கும்பினியார் கண்ட விடை. அங்கே தமிழ் அயல்மொழி. அதனைக் கற்பித்தவர்கள் தமிழ்ப் புலவர்கள். தேர்வில் தேறியவர்க்கு மாதப்படி உயர்ந்தது. சிறந்த தேர்ச்சிக்கு 1000 வராகன் பரிசும் இருந்தது. பணம் மாணவனை வகுப்புக்குள் கொண்டுவரும். வந்தபின் அவன் செவியைத் தன்பால் இழுப்பது பாடத்தின் பொறுப்பு. நிகண்டையும் நன்னூலையும் நெட்டுருச் செய்வித்துப் பின்னர்ப் பொருள் உரைக்கும் திண்ணை முறை, மொழியே அறியாத ஒருவனிடம் செல்லாது.

இச்சிக்கலைச் சங்கம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, திண்ணை ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். தம் நாட்டில் கல்லூரி கண்டவர் அவ்வாறு தரையில் அமர்ந்தது எளிய செயலன்று. வீரமாமுனிவர் வேறொரு வழி கண்டார். மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. விதிகளை மட்டும் தந்தால் போதாது என்று எண்ணினார் போலும். அவ்விதிகள் வழக்கில் உயிரோடு நடமாடுவதைக் காட்ட ஒரு கதை எழுதினார். அதுவே பரமார்த்த குரு கதை.

அக்கதையை மொழிப்பாடமாகப் படித்துப் பார்த்தல் வேண்டும். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று அறியச் சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். வினாவும் விடையும் ஏவலும் எதிர்மறையும் அடுத்தடுத்து வருகின்றன. கரையேறியபின் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறான். எண்ணுப்பெயர் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. இந்தத் திரும்பக் கூறல் மொழி பயில்வோனுக்கு மருந்து. நகைச்சுவை அம்மருந்துக்குத் தேன். இக்கதையைச் சமய எள்ளல் என்று மட்டும் கொள்வார் அதன் பயனில் பாதியை இழக்கின்றனர். சென்னையில் பணியாற்றிய பாபிங்டன் 1822இல் இலண்டனில் இதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொல்லகராதியோடும் பதிப்பித்தபோது, முதற்கதைக்குச் சொல்லிலக்கணப் பகுப்பாய்வும் சேர்த்தார். அவர் கண்ணுக்கு அது பாடநூலாகவே தோன்றியிருக்கிறது.

கல்விச் சங்கத் தமிழ்ப் புலவருள் தாண்டவராய முதலியார் தலையாயவர். வீரமாமுனிவரின் சதுரகராதி 1824இல் அச்சேறியதில் அவருக்குப் பங்குண்டு. இத்தகைய புலமையாளர் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையாக்கினார். கதாமஞ்சரி என்னும் சிறுகதைத் தொகுப்பும் அவருடையது. இரண்டும் 1826இல் வெளிவந்தன. செய்யுளே புலமைக்கு அளவுகோலாக இருந்த காலம் அது. காக்கையும் நரியும் பேசும் கதைகளை உரைநடையில் எழுதப் புலவர் ஒருவர் முன்வந்ததற்கு, எதிரே அமர்ந்திருந்த வெள்ளை மாணவனும் ஒரு காரணம். அச்சுப்பொறிக்கும் பாதிரிமாருக்கும் உரை வரலாற்றில் நாம் தரும் இடத்தில் ஒரு சிறு பங்கையேனும் அவ்வகுப்பறைக்குத் தருவது நேர்மை.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. பஞ்சதந்திர நடை எளியதன்று. புணர்ச்சி பிரியாத சொற்றொடர்களும் நெடிய வாக்கியங்களும் கொண்ட அந்நடையில் புலவரின் செய்யுட் பழக்கம் விடைபெறவில்லை. இதனோடு ஒப்பிட்டால் முனிவர் நடை தெளிந்த நீரோட்டம். அயல்மொழியாக இதனைக் கற்றபோது கால் இடறிய இடங்கள் இத்தாலியருக்கு நினைவிருந்தன. முதலியாருக்குத் தமிழ் இடறியதே இல்லை. ஆகவே மாணவனின் இடர் அவருக்கு எட்டவில்லை எனலாம். பஞ்சதந்திரத்தில் தேறிய துரை இராயபுரத்துப் படகோட்டியின் சாட்சியத்தை முறைமன்றத்தில் கேட்டு எவ்வளவு விளங்கிக்கொண்டிருப்பார் என்பது ஐயத்துக்குரியது. மக்கள் வழக்குக்குத் தனி இலக்கணமே வகுத்த முனிவர் இவ்விடைவெளியை முன்னரே கண்டிருந்தார்.

சங்கம் 1854இல் மூடப்பட்டது. துரைமாரும் போயினர். அவர்களுக்கென எழுந்த நூல்களோ தமிழ்ச் சிறுவரின் கைக்கு வந்து சேர்ந்தன. பஞ்சதந்திரமும் கதாமஞ்சரியும் பள்ளிப் பாடங்களாயின. கொள்ளிக்கட்டையோடு ஆற்றங்கரையில் நிற்கும் சீடனைக் கண்டு நகைக்கும் குழந்தை, அயலான் ஒருவன் தமிழ் பழக எழுதப்பட்ட பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.