புத்தமங்கலத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை



திருவாரூர் என்றால் நமக்குத் தியாகராசர், ஆழித்தேர், கமலாலயம். ஆனால் பக்கத்துக் கீழ்வேளூர் வட்டத்தில் புத்தரை வைத்துக் கும்பிடும் ஊர் ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஊரின் பெயரே சொல்லிவிடுகிறது: புத்தமங்கலம்.

பெரிய கோபுரத்தையோ காவியுடைப் பிக்குகளையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். கல்லில் வடித்த, தியானத்தில் அமர்ந்த புத்தர், அவ்வளவுதான். சோழநாட்டுப் புத்தர்களுக்கு உரிய அடையாளங்களைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதற்குச் சுவையாக இருக்கும். தலை உச்சியில் தீச்சுடர், தொங்கும் காதுகள், மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கைகள்.

டெல்டா கிராமங்களில் இத்தகைய சிலைகளைக் கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளையாரையும் மாரியம்மனையும் கும்பிடும் அதே மக்கள்தான். மயிலாடுதுறை அருகே பெருஞ்சேரியில் புத்தருக்கு 'ரிஷி' என்று பெயர். பெயர் மாறியதால்தான் பல சிலைகள் தப்பின என்றுகூடச் சொல்லலாம்.

இவர் இங்கே எப்படி வந்தார்? அதே வட்டாரத்திலுள்ள ஆனைமங்கலம் விடை சொல்லும். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். 1006 வாக்கில் முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். சுமார் 97 வேலி நிலம். வரி 8,943 கலம் நெல்லுக்கு மேல். தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் எழுப்பிக்கொண்டிருந்த அதே அரசன், அதே ஆண்டுகளில், நம் வயல் நெல்லைப் புத்தருக்கும் அளந்தான். இதைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்துக்குப் போய், 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன.

நாகையில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கே மண்ணுக்குள் கிடந்த 350 வரையிலான புத்தர் செப்புத்திருமேனிகள் 1856 முதல் வெளிவந்தன. அவற்றில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நம் மாவட்டத்திலும் 2004இல், குடவாசல் வட்டம் செல்லூரில் 42 திருமேனிகள் கிடைத்தன.

இதில் நமக்கு என்ன பங்கு என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. நாம் வாழும் மனைகளில் பல நேற்றுவரை வயலாக இருந்தவை. குளம் தூர்வாரும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும்தான் இத்தகைய சிலைகள் தலைகாட்டுகின்றன. அப்போது கடப்பாரை பிடித்திருப்பவருக்கோ பொக்லைன் ஓட்டுநருக்கோ 'இது என்ன' என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொல்ல ஆள் இல்லாத இடத்தில் சிலை உடையும், இல்லாவிட்டால் விலை போகும்.

ஆகவே ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புத்தமங்கலம் போய் வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். எண்ணெய், மஞ்சள் எதையும் கல்லில் பூச வேண்டாம். வேறெங்காவது வரப்பிலோ குளக்கரையிலோ இப்படி ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டால் நகர்த்தாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள்.

ஆயிரம் ஆண்டாக நம் வெயிலிலும் மழையிலும் இருந்தவர். அவரை அடையாளம் தெரிந்துகொள்வதே நாம் செய்யும் முதல் மரியாதை.