சாவுப் பள்ளத்தாக்குல ஒரு ஊர்

தங்கமணி ஊருக்குப் போயாச்சு. மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு. நண்பர்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி கழண்டுக்கிட்டாங்க. சரி, தனியாவே போவோம்னு மார்ச் மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து வண்டியை எடுத்தேன். பின்சீட்டுல புளியோதரை, நாலு கேலன் தண்ணி. போற இடம் டெத் வேலி. அம்மாகிட்ட போன்ல பேரைச் சொன்னப்போ, "சாவுன்னு பேர் வச்ச ஊருக்கு எவனாச்சும் போவானாடா? அங்க மனுஷங்க யாராச்சும் இருக்காங்களா?"ன்னாங்க. "ஒருத்தரும் இல்லம்மா, வெறும் பாலைவனம்"னு ரொம்பத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.

395-ல வடக்கே போயி லோன் பைன்ல ஒரு காபி. தலைக்கு மேல பனி மூடின விட்னி சிகரம், 14,505 அடி. அங்கிருந்து கிழக்கே திரும்பி மலை மேல ஏறி இறங்கினா, அலாஸ்காவை விட்டுட்டா அமெரிக்காவுல அதுதான் உசந்த இடம், இன்னும் கொஞ்ச நேரத்துல நான் நிக்கப்போற பேட்வாட்டர்தான் இருக்கறதுலயே தாழ்ந்த இடம்: கடல்மட்டத்துக்கு 282 அடி கீழ. ரெண்டுக்கும் நடுவுல நேர்கோட்டுல 85 மைல்கூட இருக்காது. டவுன் கணவாய்ல சுமார் 5,000 அடியில இருந்து கீழ இறங்கும்போது காது நாலு தடவை அடைச்சுது. பேட்வாட்டர்ல உப்புத் தரையில நின்னு அண்ணாந்து பார்த்தா, பாறையில உசரத்துல ஒரு வெள்ளைப் பலகை. அதுதான் கடல்மட்டமாம். கொஞ்சம் கலக்கமாத்தான் இருந்துச்சு.

நிற்க. பேர் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

1849. கலிஃபோர்னியாவுல தங்கம்னு உலகமே ஓடி வந்த வருஷம். குறுக்குவழின்னு நம்பி ஒரு கூட்டம் டிசம்பர்ல இந்தப் பள்ளத்துக்குள்ள இறங்கி மாட்டிக்கிச்சு. மேற்கே சுவர் மாதிரி பானமிண்ட் மலை, வண்டி ஏறாது. பென்னெட், ஆர்கன்னு ரெண்டு குடும்பங்கள், சின்னப் பசங்களோட. கூட வந்த வில்லியம் மான்லி, ஜான் ரோஜர்ஸ்னு ரெண்டு இளைஞர்கள், உதவி தேடிட்டு வர்றோம்னு நடந்தே கிளம்பினாங்க. சான் ஃபெர்னாண்டோ பக்கம் வரைக்கும் போய், சாப்பாட்டோட 26 நாள் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. குதிரைகளை வழியிலயே விட்டுட வேண்டியதாப் போச்சு, கோவேறு கழுதை மட்டும் தாக்குப்பிடிச்சுது. தப்பிச்ச பிறகு திரும்பி வராமலே இருந்திருக்கலாம். வந்தாங்க பாருங்க, அதான் விஷயம். வெளியேறும்போது யாரோ ஒருத்தர் திரும்பிப் பார்த்து "போய் வரேன் சாவுப் பள்ளத்தாக்கே"ன்னு சொன்னதா கதை. இத்தனைக்கும் அந்தக் கூட்டத்துல பள்ளத்தாக்குக்குள்ளயே செத்ததா சொல்றது ஒரே ஒருத்தரைத்தான்.

அப்புறம் வந்தது போராக்ஸ். நம்ம நாட்டுமருந்துக் கடை வெண்காரம். கேரம் போர்டுல தூவற போரிக் பவுடருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். 1883-ல ஆரம்பிச்சு 1888 வரைக்கும் ஹார்மனி ஆலை ஓடிச்சு. சீனத் தொழிலாளிகள் உப்புத் தரையில இருந்து சுரண்டிக் கொண்டுவருவாங்க. வெயில்காலத்துல கரைசல் ஆறவே ஆறாது, ஆறலைன்னா போராக்ஸ் உறையாது. அதனால கோடையில இங்க வேலையை நிறுத்திட்டு கொஞ்சம் உசரமான இடத்துக்குப் போயிடுவாங்க. சரக்கை 165 மைல் தள்ளி மொஹாவி ரயிலடிக்குக் கொண்டுபோனது அந்தப் புகழ்பெற்ற இருபது கோவேறு கழுதை வண்டி. உண்மையில 18 கழுதை, 2 குதிரை. விளம்பரம்னா அப்படித்தானே.

இதெல்லாம் பலகை பலகையா எழுதி வச்சிருக்காங்க, படிச்சுக்கிட்டே போகலாம். ஸப்ரிஸ்கி பாயிண்ட்ல சூரிய உதயம் பார்த்தேன், மஞ்சளும் பழுப்புமா மடிப்பு மடிப்பா மண்மலை. பார்த்தே ஆகணும். அந்தப் பேர்கூட போராக்ஸ் கம்பெனி அதிகாரியோடதுதான்.

ரெண்டாம் நாள் மத்தியானம் ஃபர்னஸ் க்ரீக் தகவல் மையத்துக்குள்ள ஏசிக்காக ஒதுங்கினேன். அங்கதான் பொட்டுல அடிச்ச மாதிரி ஒரு வரி: இது டிம்பிஷா ஷோஷோனி மக்களோட தாய்நிலம்.

ஙே!

முந்தின ராத்திரி நான் கூடாரம் போட்ட இடத்துல இருந்து நடக்கற தூரத்துலயே அவங்க ஊர் இருக்கு. வர்றப்போ அதைத் தாண்டித்தான் காரை ஓட்டியிருக்கேன். ஏதோ ஊழியர் குடியிருப்புன்னு நினைச்சு கண்ணை எடுத்துட்டேன்.

டிம்பிஷாங்கற பேரு இங்க மலையில கிடைக்கற செங்காவி மண்ணை வச்சு வந்தது. நாற்பத்தொன்பதுல வந்தவங்க சாவைப் பார்த்த இடத்துல இவங்க குளிர்காலம் முழுக்க ஊத்துத் தண்ணி குடிச்சு, மெஸ்கீட் மரத்துக் காயை இடிச்சு மாவாக்கிச் சாப்பிட்டிருக்காங்க. வெயில் ஏறினா பானமிண்ட் மலைமேல போயிடறது, இலையுதிர் காலத்துல பைன் கொட்டை சேகரிச்சுட்டுக் கீழ இறங்கறது. 1913 ஜூலை 10-ந்தேதி 134 டிகிரி ஃபாரன்ஹீட் அடிச்ச ஊருய்யா இது! மலையேறினது நாடோடித்தனம் இல்லை, கணக்கு.

1933-ல ஜனாதிபதி ஹூவர் இதை தேசிய நினைவிடமா அறிவிச்சார். டிம்பிஷாக்கள்கிட்ட யாரும் கேக்கலை. 1936-ல ஃபர்னஸ் க்ரீக் பக்கத்துல 40 ஏக்கர் ஒதுக்கி, சுடாத பச்சைச் செங்கல்ல வீடு கட்டிக் கொடுத்தாங்க. சரி, நல்லதுதானேன்னா, 1957-ல கொள்கை மாறிச்சு. காலியா இருக்கற வீட்டை இடிச்சிடணும். எப்போ காலியா இருக்கும்? கோடையில மலைக்குப் போறப்போ! தீயணைப்புக் குழாயால தண்ணி அடிச்சா போதும், பச்சைச் செங்கல் கரைஞ்சு சேறாயிடும். மலையில இருந்து திரும்பி வந்தா வீடு இருந்த இடத்துல களிமண் மேடு. உயிர் பிழைக்கறதுக்காக பரம்பரையா செஞ்ச காரியமே வீட்டுக்கு வினையாப் போச்சு.

அதுக்கப்புறம் சில குடும்பங்கள் வெயிலோ என்னவோன்னு நகராம உக்காந்துட்டாங்க. பாலின் எஸ்டீவ்ஸ் மாதிரி பெண்கள்தான் முன்னால நின்னாங்க. 1983-ல மத்திய அரசு இவங்களைப் பழங்குடியா அங்கீகரிச்சுது, ஆனா கையில நிலம் கிடையாது. (ஆதார் இருக்கு, வீடு இல்லைங்கற கதை.) 1994-ல இது தேசியப் பூங்காவா மாறினப்போ அதே சட்டத்துல இவங்களுக்கு நிலம் பார்க்கணும்னு ஒரு பிரிவு. கடைசியா 2000 நவம்பர்ல கிளின்டன் கையெழுத்து: எல்லாம் சேர்த்து 7,500 ஏக்கருக்கு மேல, அதுல 300 ஏக்கர் சொச்சம் ஃபர்னஸ் க்ரீக்லயே. பூங்காவுக்கு நடுவுல, அவங்க பேர்ல.

நம்ம இலக்கணத்துல பாலைக்குக்கூட எயினர்னு மக்களையும் கொற்றவைன்னு தெய்வத்தையும் சொல்லி வச்சிருக்கு. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கினவன் நான். "ஒருத்தரும் இல்லம்மா"ன்னு சொன்னதும் நான்தான்.

கிளம்பற அன்னிக்கு அந்த ஊர்ப் பக்கம் வண்டியை மெதுவா ஓட்டினேன். மெஸ்கீட் மரங்கள், சில வீடுகள், கொடியில துணி காயுது. கேமராவுல அதுக்குள்ள இருநூறு படத்துக்கு மேல இருந்துச்சு. அங்க எடுக்கலை. அடுத்தவங்க வாசலைப் படம் பிடிக்க ஒரு மாதிரி இருந்துச்சு.

லோன் பைன் வந்து சிக்னல் கிடைச்சதும் அம்மாவுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டினேன். முழுசா கேட்டுட்டு, "வெயில்காலத்துல என்ன பண்ணுவாங்களாம்?"ன்னாங்க.

"மலைக்குப் போயிடுவாங்களாம்மா."

"பின்ன? நான் மொட்டை மாடிக்குப் போறதில்லையா? அதுக்குன்னு கீழ வீட்டை இடிச்சிருவானா?"ன்னுட்டு, புளியோதரை கெடாம இருந்துச்சான்னு கேட்டாங்க.