மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி மோட்டார் வண்டிகள்

போர்க்கால வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர் களங்களையும் இடப்பெயர்வுகளையும் கால அடைவிற் கூறுவதோடு அமைந்துவிடுவர். காலையில் ஒரு மோட்டார் வண்டியை ‘ஸ்ராட்’ எடுப்பது அந்நாளில் எத்துணை அரிய செயலாயிருந்தது என்பதும் வரலாற்றுக்குரிய பொருளேயாம். பேற்றுவலி கண்ட பெண்ணையோ பாம்பு தீண்டிய கமக்காரனையோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லக் காத்து நின்ற வீட்டாருக்கு அது உயிர்ப் பிரச்சினையாகவும் இருந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், அரச கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட வடபகுதிக்குப் பெற்றோல், டீசல், பற்றரி முதலியன கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டிட்ட அளவில் அனுமதிக்கப்பட்டது. 2002 சனவரியில் இத்தடை நீங்கும்வரை பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அம்மண்ணெண்ணெயிலேயே ஓடின.

பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய் அவ்வாறன்று. சூடேறிய இயந்திரத்தில் அது ஓரளவு ஒழுங்காக எரியும். இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த இயந்திரத்திலோ ஆவியாகாது துளிகளாகவே சிலிண்டரை அடையும்; பிளக்கின் பொறி அதனைப் பற்றவைக்கமாட்டாது. ஆகவே, அரிதிற் பெற்ற பெற்றோல் ஒரு சிறு போத்தலில் தனியே பேணப்பட்டது. அதிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பற்றரி வலுவிழந்த வண்டியாயின் கைபிடியாற் சுற்றவேண்டும். அன்றேல் நாலுபேர் கூடித் தள்ளவேண்டும்.

அவ்வாறு செய்தும் கிளம்பாத வண்டியின் பழுதை அறிவதற்கு முதற்சான்றாக அமைந்தது பிளக்கேயாகும். அதனைக் கழற்றிப் பார்க்குமிடத்து நனைந்திருப்பின், எண்ணெய் வந்துள்ளது, ஆயின் எரியவில்லை என்பது பெறப்படும். முற்றாக உலர்ந்திருப்பின் எண்ணெய் வரும் குழாயிலோ காபரேற்றரிலோ அடைப்பு உண்டு. கரி படிந்திருப்பின் துடைத்துச் சூடாக்கிப் பூட்டவேண்டும். இவை மூன்றும் எளியவை. நாலாவது காரணமே கொடியது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படையைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, இயந்திர எண்ணெயோடு கலந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெயின் மட்டம் உயர்ந்திருக்கும்; முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். காலப்போக்கில் வளையங்கள் தேய்ந்து அமுக்கம் குறையும். பிளக்கின் துவாரத்தை விரலால் மூடி இயந்திரத்தைச் சுற்றும்போது, விரலைத் தள்ளும் விசை இல்லையெனின், எத்தனை துளி பெற்றோல் விட்டும் பயனில்லை. மாற்று உதிரிப்பாகங்கள் வரவியலாத பிரதேசத்தில், அன்றோடு அவ்வண்டியின் ஆயுள் ஏறத்தாழ முடிந்தது எனலாம்.

இம்முறையைப் போர் ஈன்ற புதுக் கண்டுபிடிப்பெனப் போற்றுவாருளர். அக்கூற்று முழுதும் பொருந்துமாறில்லை. பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் நீரிறைக்கும் இயந்திரங்கள் யாழ்ப்பாணத் தோட்டங்களில் முன்னரே பரவியிருந்தன. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றபோது, விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய வன்னிக் குடியேற்றங்களிலும் இறைப்புச் செய்கை ஓங்கியது. தோட்டக்காரன் அறிந்திருந்ததையே கார்ச்சாரதி பின்னர் கைக்கொண்டான். அதே இறக்குமதிக் கட்டுப்பாடு பழைய ஆங்கிலேயக் கார்களைக் கழித்துவிடாது பேணவும் செய்தது. அமுக்க விகிதம் குறைந்த அவ்வியந்திரங்களே மண்ணெண்ணெயைத் தாங்கவல்லன. விகிதம் உயர்ந்த புதிய இயந்திரங்கள் அதனைக் குடித்தால் இடிக்கத் தொடங்கும்.

பிரித்தானியாவிலும் இதற்கொப்பான வழக்கு இருந்தது. 1949இல் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்று பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயையொத்த மலிவான எண்ணெயில் உழுதது. ஆயின் அங்கே எண்ணெயை ஆவியாக்குவதற்கேற்ப இயந்திரமே அமைக்கப்பட்டிருந்தது; நிறுத்துமுன் சற்றுநேரம் பெற்றோலில் ஓடவிட்டு மறுநாளைக்கு வழிசெய்து வைப்பதும் வழக்கம். துளிக்கணக்கிற் பெற்றோலைப் பேணிய வன்னியில் அவ்வழக்கத்துக்கு இடமேது? அங்கு சிக்கனத்துக்காகச் செய்ததை இங்கு வேறு வழியின்றிச் செய்தனர். அதன் விலையை இயந்திரங்கள் கொடுத்தன.

2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் பெற்றோல் வந்தது. புதிய மோட்டார் சைக்கிள்களும் வந்தன. 2006 ஆகத்தில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. எரிபொருள் அருகியபோது, மண்ணெண்ணெய்க்கென அமையாத அப்புதிய வண்டிகளின் தாங்கிகளிலும் மண்ணெண்ணெயே ஊற்றப்பட்டது.